பள்ளிக்கூடத்துக்கு வந்த யந்திரம் யாருக்கு ஊழியம் செய்யும்?

தமிழ்நாட்டின் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் புதிய சாமான்கள் வந்து இறங்கியிருக்கின்றன. கரும்பலகைக்குப் பக்கத்தில் பெரிய திரை. உபாத்தியாயர் கையில் கைக்கணினி. உயர்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்த 'ஹைடெக்' ஆய்வுக்கூடம். பாடப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு கட்டம். செல்போனை அதற்கு நேரே பிடித்தால் படம் ஓடுகிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு 'ஸ்மார்ட்' வகுப்பறை என்று சர்க்கார் கணக்குச் சொல்கிறது.

மில்லில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தோழரும், நாற்று நட்டுக் கரையேறும் சகோதரியும், முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பேட்டைத் தாயும் இதைப் பற்றிக் கேட்பது ஒன்றுதான்: "இதனால் நம் பிள்ளைக்குப் படிப்பு வருமா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் ஊரில் உலவுகின்றன. ஒன்று விளம்பரக்காரர்களின் பதில். திரை வந்துவிட்டது, இனிக் கல்விப் பஞ்சம் ஒழிந்தது என்கிறார்கள் அவர்கள். மற்றது மேட்டுக்குடியினர் சிலரின் பதில். கூலிக்காரன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு, எழுத்துக் கூட்டி வாசித்தால் போதாதா என்கிறார்கள் இவர்கள்.

இரண்டும் தவறு. இரண்டாவது, முதலாவதைவிடக் கொடியது. 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் சர்க்கார் கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதா? அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார்கள். குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், எதிர்த்தார்கள், 1954-ல் அத்திட்டம் குப்பைக்குப் போயிற்று. உழைப்பவன் பிள்ளைக்கு இவ்வளவு அறிவு போதும் என்று மரக்காலில் அளந்து கொடுக்கும் அந்தப் புத்தி இன்னும் சாகவில்லை. விஞ்ஞானம் தந்த எந்தக் கருவியும் பணக்காரன் பிள்ளைக்குக் கிடைக்குமானால், அது பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைத்தாக வேண்டும். இதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

யந்திரம் என்ன செய்ய முடியும்?

நம் ஊர் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தாமிரவருணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. நீளம் சுமார் 128 கிலோமீட்டர். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் முடிய எட்டு அணைக்கட்டுகள். நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் நெல்லைக் கால்வாய் சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிகிறது. இதையெல்லாம் உபாத்தியாயர் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டலாம், காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்தால், மலையும் அணையும் வயலும் கடைமடையும் ஒரே பார்வையில் பிள்ளையின் கண்ணுக்கு வருகின்றன. எங்கே பச்சை, எங்கே தரிசு என்று பிள்ளையே பார்க்கிறது. "மேலே இவ்வளவு தண்ணீர் இருக்க, கடைமடையில் ஏன் காய்கிறது?" என்று கேட்கிறது. இந்தக் கேள்விதான் படிப்பு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆறு ஊருக்குள் புகுந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த வெள்ளத்தை அனுபவித்த பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேகம் எப்படித் திரண்டது, காற்று எப்படிச் சுழன்றது, தண்ணீர் எந்தத் தாழ்வில் இறங்கியது என்று அசையும் படமாகக் காட்டினால், சாமி குற்றம் என்று பயந்த பிள்ளைக்குக் காரண காரியம் விளங்கும்.

ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியில் இதயம் சுருங்கி விரிவதைக் காட்டலாம். பார்வையற்ற பிள்ளைக்குப் புத்தகத்தைக் குரலாக்கித் தரலாம். காது கேளாத பிள்ளைக்குச் சைகையோடும் எழுத்தோடும் பாடம் தரலாம். அத்தகைய பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் நடத்தி நூறாண்டைத் தாண்டிய ஊர் நம் பாளையங்கோட்டை. அங்கே இக்கருவிகளின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் படம் ஓடுவது வேறு, பாடம் நடப்பது வேறு. மூன்று நிமிஷம் படம் ஓடினால், அதை நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், சொல்" என்று கேட்க ஒரு உபாத்தியாயர் வேண்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று விளக்க அவர் வேண்டும். பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளை, காலையில் சாப்பிட்டாளா, ராத்திரி கண்விழித்து அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்தாளா என்று முகத்தைப் பார்த்தே அறிய அவர் வேண்டும். திரைக்கு முகம் தெரியாது.

நோய்க் காலம் கற்பித்த பாடம்

இது வெறும் வாதமல்ல. நாடே பரீட்சித்துப் பார்த்த விஷயம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. சுமார் பத்தொன்பது மாதம்! அந்தக் காலம் முழுவதும் செல்போனும், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியுமே பள்ளிக்கூடம் என்றார்கள்.

யாரிடம் இருந்தது செல்போன்? நோய்க்கு முன்பே, 2017-18-ல், மத்திய சர்க்காரின் தேசிய மாதிரி ஆய்வு கணக்கெடுத்தது. இந்தியக் கிராமங்களில் நூறு வீட்டில் சுமார் நாலு வீட்டில்தான் கம்ப்யூட்டர். பதினைந்து வீட்டில்தான் இணைய வசதி. நம் வீடுகளின் நிலை நமக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பனோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் போன் யாருக்கு? பெரும்பாலும் ஆண் பிள்ளைக்கு.

2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ஜீன் டிரேஸ் முதலியோர் பதினைந்து மாநிலங்களில், ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரிடம் விசாரித்தார்கள். கிராமத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். நகரத்தில் 24 பேர். கிராமத்தில் அறவே படிக்காதவர்கள் 37 பேர்.

2020 ஜூன் 1. கேரளத்தில் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கிய முதல் நாள். மலப்புரம் ஜில்லாவில், தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுது; செல்போன் இல்லை; நன்றாகப் படிக்கிற பெண். இடதுசாரிகள் ஆண்ட மாநிலத்தில் நடந்தது என்பதற்காக இதை நாம் மறைக்க மாட்டோம். அதன் பிறகு ஆசிரியர்களும் வாலிபர் சங்கத்தாரும் நூலகங்களும் சேர்ந்து, கருவி இல்லாத பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி தேடிக் கொடுத்தார்கள். பொது இடங்களில் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்தார்கள். முந்திச் செய்ய வேண்டியது பிந்தி நடந்தது. எல்லாப் பிள்ளைக்கும் கருவி சேருமுன் பாடத்தைக் கருவிக்குள் வைத்துப் பூட்டக்கூடாது. அந்தச் சிறுமி விட்டுச் சென்ற எச்சரிக்கை இது.

தமிழ்நாட்டில் விட்டுப்போன படிப்பை மீட்க 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தது. மீட்டது எது? யந்திரமா? இல்லை. தெருவில் பாய் விரித்து, பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்த சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அறிவு கொடுத்தவர்களுக்குக் கூலி நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய்!

கடை விரித்தவர்கள்

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது முதலாளிகள் சும்மா இருந்தார்களா? பைஜூஸ் என்ற கம்பெனியைப் பாருங்கள். கைக்கணினியில் படிப்பு விற்ற கம்பெனி. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று மூலதனக்காரர்கள் கொண்டாடினார்கள். தவணைக் கடனில் பெற்றோர்களைச் சிக்கவைத்துப் பாடம் விற்றதாகப் புகார்கள் குவிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் அதன் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. 2024 ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. மூலதனம் பறந்தது. ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள்.

சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்று திவாலாகி நாம் கண்டதுண்டா? ஓடு உடைந்திருக்கலாம், வாத்தியார் குறைந்திருக்கலாம். ஆனால் காலையில் மணி அடிக்கிறது. ஜனங்களின் சொத்துக்கும் வியாபாரியின் கடைக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

மில் தொழிலாளிக்குத் தெரிந்த கதை

யந்திரத்தைப் பற்றி மில் தொழிலாளிக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. விக்கிரமசிங்கபுரம் ஹார்வி மில்லில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கின் தொழிலாளர்கள். நவீன யந்திரம் வந்தபோதெல்லாம் முதலாளி என்ன செய்தான்? வேலையின் பாரத்தைக் குறைத்தானா? இல்லை. ஆளைக் குறைத்தான். மிஞ்சிய ஆளுக்குக் கூடுதல் கதிர்களைக் கட்டிவைத்தான். அறுவடை யந்திரம் வயலில் இறங்கியபோது விவசாயத் தொழிலாளிக்கு நடந்ததும் அதுவே; முதுகு வலி குறைந்தது, வேலை நாளும் குறைந்தது. மறுபக்கம், மூடிக்கிடக்கும் பேட்டைக் கூட்டுறவு நூற்பாலை நமக்கு வேறொன்றையும் சொல்கிறது: காலத்தோடு புதுப்பிக்காத ஆலையும் தொழிலாளியைக் காப்பாற்றாது.

ஆகவே யந்திரம் பகைவனல்ல. அதன் பிடி யார் கையில், அதன் பலன் யார் வீட்டுக்கு என்பதே கேள்வி.

இதே கேள்வியைப் பள்ளிக்கூடத்திலும் கேட்க வேண்டும். ஐந்து வகுப்பு, ஒரே உபாத்தியாயர். இப்படிப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அங்கே திரை வந்தால் என்ன நடக்கும்? நாலு வகுப்பைத் திரைமுன் உட்காரவைத்துவிட்டு, ஐந்தாவதுக்குப் பாடம் நடத்துவார். குற்றம் அவருடையதல்ல, காலியிடத்தை நிரப்பாதவர்களுடையது. திரை அங்கே பாடக் கருவியல்ல, ஆட்குறைப்புக் கருவி.

இன்னொன்றும் உண்டு. வருகைப் பதிவு, மதிப்பெண், சத்துணவுக் கணக்கு, இலவசச் சாமான் கணக்கு, அத்தனையும் 'எமிஸ்' என்ற கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும் என்று ஆசிரியர்களைப் பிழிகிறார்கள். பாடம் நடத்தும் நேரம் இதில் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பல காலமாக முறையிட்டு வந்திருக்கின்றன. பாடத்துக்கு உதவ வந்த யந்திரம் வாத்தியாரைக் குமாஸ்தா ஆக்கினால் அது யாருக்கு லாபம்?

பீடித் தொழிலாளி வீட்டுக்கும் இந்த வேதனை தெரியும். பிள்ளையின் படிப்புக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை தரும் உதவித்தொகைக்கு இணையத்தில்தான் மனுப் போட வேண்டும். ஆயிரம் பீடி சுற்றும் தாய், சுற்றுவதை நிறுத்திவிட்டுப் ப்ரவுசிங் சென்டர் வாசலில் நிற்கிறாள். ஒரு எழுத்துப் பிசகினால் மனு தள்ளுபடி. அந்தத் தாய்க்கோ அவள் மகளுக்கோ இந்த யந்திரத்தைத் தானே இயக்கத் தெரிந்துவிட்டால், வாசலில் நிற்கும் அடிமைத்தனம் தீரும். நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவே பலமான காரணம்.

பிற நாடுகளும் பிற மாநிலங்களும்

இரவல் யந்திரம் நிலைக்காது. 1975 ஆகஸ்டில் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை ஒரு வருஷத்துக்குப் பெற்று, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நம் விஞ்ஞானிகள் தொலைக்காட்சிப் பாடம் நடத்தினார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் விவசாயிகளுக்கு. உலகமே கவனித்த சோதனை. 1976 ஜூலையில் கெடு முடிந்தது. செயற்கைக்கோள் திரும்பப் போயிற்று. பிறகுதான் சொந்தச் செயற்கைக்கோள்களைக் கட்டினோம்.

மனிதரில்லாத யந்திரம் பலன் தராது. பெரு நாட்டில் எட்டு லட்சத்துக்கு மேல் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். 2012-ல் வெளியான ஆய்வு, பிள்ளைகளின் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணவில்லை என்றது. பணக்கார ஸ்வீடனே 2023-ல் பள்ளிகளுக்கு மீண்டும் அச்சுப் புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்கியது.

மனிதரோடு சேர்ந்த யந்திரம் என்ன செய்யும்? கியூபாவைப் பாருங்கள். 1961-ல் வாலிபர்கள் விளக்கோடு கிராமங்களுக்குப் போய் எழுத்தறிவித்த சோஷலிஸ்டு நாடு அது. பின்னாளில் 'ஆம், என்னால் முடியும்' என்ற முறையை உருவாக்கியது. தொலைக்காட்சியில் 65 பாடம். ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர். வெனிசுலாவிலும் பொலிவியாவிலும் லட்சக்கணக்கான ஏழைகள் இதில் எழுத்துக் கற்றார்கள். 2006-ல் யுனெஸ்கோ பரிசு தந்தது. 1990-களில் நம் அறிவொளி இயக்கம் அரிக்கேன் விளக்கில் செய்ததும் இதே வேலைதான்: ஜனங்களே ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்தல்.

அண்டைக் கேரளத்தில் 2001-ல் பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் தொடங்கியபோது, ஒரே அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளுக்குப் பிள்ளைகளை அடகு வைக்காதே என்று ஆசிரியர் சங்கம் போராடியது. அதனால் எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய சுதந்திர மென்பொருள் பள்ளிகளுக்கு வந்தது. ஆசிரியர்களே பயிற்சி பெற்றுப் பாடம் தயாரித்தார்கள். யந்திரத்தின் பிடி ஜனங்கள் கையில் இருப்பது என்றால் இதுதான்.

பணம் எங்கே?

கல்விக்கு நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் எழுதிக் கொடுத்தது. அறுபது ஆண்டாக அந்த இலக்கை எட்டவில்லை. மத்திய சர்க்கார் இன்னும் ஒருபடி மேலே போய், தன் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பதற்காக, 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. நம் வரிப்பணத்தையே பணயமாக வைத்து நம் பிள்ளைகளை மிரட்டினார்கள்.

மாநில சர்க்காரையும் நாம் கேட்க வேண்டியதுண்டு. 2011-ல் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தொடங்கியது. சில ஆண்டு கழித்து நின்றுபோயிற்று. 2025 பட்ஜெட்டில் மீண்டும் அறிவித்தபோது கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்போடு மில்லுக்கும் கட்டிட வேலைக்கும் போகும் பிள்ளைக்கு என்ன வழி?

1956-ல், அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியபோது, சோறு போட்டால் படிப்பு வருமா என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. வந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. வயிறு, வாத்தியார், பிறகு யந்திரம்: இந்த வரிசை மாறக்கூடாது.

நாம் கோருவது

1. திரை வைத்த ஒவ்வொரு வகுப்பறைக்கும் நிரந்தர ஆசிரியர் வேண்டும். காலியிடங்களை நிரப்பு, ஓராசிரியர் பள்ளி முறையை ஒழி.

2. ஆசிரியர்களுக்குப் பாட நாளைக் கெடுக்காத பயிற்சி கொடு. கணக்கெழுதும் வேலைக்குத் தனி ஊழியரை நியமி.

3. யந்திரம் பழுதானால் பார்க்க ஒன்றியந்தோறும் சம்பள ஊழியரான மெக்கானிக் வேண்டும். பேட்டை அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வெளிவரும் நம் பையன்களுக்கும் பெண்களுக்கும் இந்த வேலையைக் கொடு.

4. பாடங்கள் தமிழில், இலவசமாக, சுதந்திர மென்பொருளில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் விவரங்களை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்காதே.

5. மாலையில் பள்ளிக் கம்ப்யூட்டர் கூடத்தைத் தெருப் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் திறந்து விடு.

கோரிக்கையை எழுதிவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பெற்றோர்கள் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு சட்டப்படி இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போனாலும் போங்கள். போய்க் கேளுங்கள்: திரை ஓடுகிறதா? வாரத்தில் எத்தனை மணி? கம்ப்யூட்டர் அறையின் சாவி யாரிடம்? என் மகள் கை அந்த விசைப்பலகையில் பட்டதா, அல்லது எட்டி நின்று பார்த்தாளா? பதில் வராவிட்டால் கிராம சபையில் கேளுங்கள். வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் கேளுங்கள். ஆசிரியர் சங்கத்தையும் கூட அழைத்துச் செல்லுங்கள். வாத்தியார் நம் எதிரியல்ல, சம்பளத்துக்கு உழைக்கும் தோழர். சங்க அலுவலகங்களில் ராத்திரிப் பாடசாலை வைத்துப் படித்த பரம்பரை நம்முடையது. அந்த அறையில் இன்று ஒரு கம்ப்யூட்டரும், அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வாலிபரும் இருந்தால் பள்ளிக்கு அது துணையாக நிற்கும்.

இந்தத் திரைகள் நம் உழைப்பின் வரியில் வாங்கியவை. அவை தூசி படியவும் கூடாது. வாத்தியார் நாற்காலியைப் பிடுங்கவும் கூடாது. நம் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யும்படி அவற்றை இயக்க வைப்பது சங்கமாகத் திரண்ட பெற்றோர்களின் கையில் இருக்கிறது.